கையெழுத்தும் ஒரு சாட்சியமே



சென்ற ஆண்டு ஒரு மழைக்கால இரவு. இஷா தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து அமர்ந்தபோது பழைய மாணவன் ஒருவன் அழைத்தான். உக்கடத்தில் என்னிடம் ஓதியவன். இப்போது வடநாட்டு விமான நிலையம் ஒன்றில் பராமரிப்புப் பொறியாளன்.

"ஹஜ்ரத், அவசரமா ஒரு மஸ்அலா கேக்கணுங்க."

அன்றிரவு புறப்பட வேண்டிய விமானம் ஒன்றின் பிரேக் பரிசோதனை பாதியில் நின்றிருந்தது. அளவெடுக்க வேண்டிய கருவி வந்து சேரவில்லை. பயணிகள் காத்திருந்தனர். "பார்த்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போடு" என்று மேலதிகாரி நெருக்கினார். பழுது பார்க்கப்பட்ட விமானம் பறக்கத் தகுதியானது என்று உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்திட்டால்தான் அது புறப்பட முடியும். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் அவன் கேட்டான்: "இது பொய்ச் சாட்சி ஆகுமாங்க?"

"ஆகும் தம்பி. அதில் ஐயமே இல்லை" என்றேன். பொய்ச் சாட்சி பெரும்பாவம் என்பது மக்தபுப் பிள்ளைக்கும் தெரியும்.

சற்று நேரம் மௌனமாக இருந்தவன் மீண்டும் பேசினான்: "சரிங்க ஹஜ்ரத், நான் போட மாட்டேன். நாளைக்கு என்னை வேலைய விட்டு எடுத்துட்டா, என் கூட யாருங்க நிப்பாங்க?"

முதல் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. இரண்டாவதற்கு இல்லை. அந்த இரண்டாவது கேள்வியை ஒரு காலத்தில் ஏளனம் செய்தவன் நான் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தனர். வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் அவர்களுள் பலர். மூன்றே நாளில், மே 25 அன்று, ஏர் இந்தியாவின் பொறியாளர் சங்கமும் ஊழியர் சங்கமும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. "கபுறு மண்கூடக் காயவில்லை, அதற்குள் இவர்களுக்குக் கூலிப் பிரச்சினையா?" என்று கோட்டைமேட்டுத் தேநீர்க் கடையில் உரக்கப் பேசினேன்.

பின்னரே அறிந்தேன். ஊழியர்கள் ஊடகங்களிடம் பேசக் கூடாது என்று நிர்வாகம் போட்ட வாய்ப்பூட்டே அந்தப் போராட்டத்தின் முதன்மையான காரணம். டில்லி உயர் நீதிமன்றம் தடை விதித்ததும் மறுநாளே போராட்டம் முடிந்தது. எனினும் பலர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். இரு சங்கங்களின் அங்கீகாரமும் பறிக்கப்பட்டது.

அந்த விபத்துக்குப் பராமரிப்புக் குறை காரணமன்று. முறைப்படி அமையாத தரையிறக்கத்தைத் தலைமை விமானி கைவிடாததே காரணம் என்றது விசாரணை அறிக்கை. மீண்டும் மேலெழும்பிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் அவர் கேட்கவில்லை. இதைப் படித்தபோது நம் ஜமாஅத் தொழுகை நினைவுக்கு வந்தது. இமாம் தவறினால் பின்னால் நிற்கும் எளியவரும் "சுப்ஹானல்லாஹ்" என்று உணர்த்தலாம், உணர்த்தவும் வேண்டும். அதற்காக எந்த இமாமும் அவரை ஸஃப்பிலிருந்து வெளியேற்றுவதில்லை. தொழுகைக்கே அந்தக் காவல் தேவை என்றால், நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமக்கும் வேலைக்கு வேண்டாமா?

அமெரிக்காவின் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 இதற்கு இன்னொரு சான்று. அவ்விமானத்தின் வால் பகுதியை இயக்கும் திருகுத் தண்டு தேய்ந்துள்ளது, மாற்ற வேண்டும் என்று 1997இல் ஒரு மூத்த மெக்கானிக் எழுதினார். அடுத்த ஷிஃப்டில் மறுபடி அளந்து, போதும் என்று விமானத்தை அனுப்பிவிட்டனர். 2000 ஜனவரி 31 அன்று அது பசிபிக் கடலில் விழுந்தது. 88 பேரும் மாண்டனர். அந்தத் தண்டுக்குப் போதிய கிரீஸ் இடப்படாததால் மரை தேய்ந்து அறுந்தது என்று விசாரணையில் தெரிந்தது. கிரீஸ் இடும் இடைவெளியை நிறுவனம் நீட்டியிருந்ததும் குறையாகச் சொல்லப்பட்டது.

ஒருவர் மட்டும் உண்மை சொன்னால் போதாது. அவருக்குத் துணை நிற்கவும் ஆள் வேண்டும். 2005 ஆகஸ்டில் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் மெக்கானிக்குகள் சுமார் 4,400 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, விமானிகள் உள்ளிட்ட பிற சங்கத்தினர் வழக்கம்போல் வேலைக்குச் சென்றனர். மாற்று ஆட்களைக் கொண்டு விமானங்கள் பறந்தன. போராடியவர்களுள் பெரும்பாலோர் வேலை இழந்தனர்.

இது நமக்கு அந்நியமான செய்தியன்று. கோவை விமான நிலையத்தைத் தாண்டி அவினாசி சாலையில் சென்றால் சின்னியம்பாளையம் வரும். 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட நான்கு ஆலைத் தொழிலாளர்களின் நினைவைச் சுமக்கும் ஊர் அது. மில்லில் நூல் நூற்ற என் பாட்டனார், அவ்வழியே பேருந்தில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவார்.

போராடுவோருக்கும் அமானிதம் உண்டு என்பதை மறுக்கவில்லை. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் கூட்டமாக உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தபோது, வளைகுடா செல்ல வேண்டிய எத்தனையோ எளியவர்கள் விமான நிலையங்களில் தவித்தனர். நோய் என்று சொல்லி விலகுவதைவிட, முன்னறிவிப்புக் கொடுத்து இன்ன காரணத்துக்காக நிற்கிறோம் என்று அறிவிப்பதே நேர்மை. ஆயினும் அங்கே நீக்கப்பட்ட 25 பேரும் தொழிலாளர் ஆணையர் முன் நடந்த பேச்சில் மீண்டும் வேலை பெற்றதற்கு, அவர்கள் தனித்தனியாக நிற்காததே காரணம்.

என் மாணவன் அன்றிரவு கையெழுத்திடவில்லை. விமானம் மூன்று மணி நேரம் தாமதமாயிற்று. மறுநாள் அவனுக்கு மெமோ வந்தது. அவனோடு அந்த ஷிஃப்டில் இருந்த நால்வர், "நாங்களாக இருந்தாலும் இதையே செய்திருப்போம்" என்று ஒரே கடிதத்தில் எழுதிக் கொடுத்தனர். நால்வரில் ஒருவரும் முஸ்லிம் அல்லர். மெமோ அத்தோடு நின்றுபோயிற்று.

அடுத்த முறை உம்ராவுக்கோ வேலைக்கோ புறப்படும்போது "தொழில்நுட்பக் காரணத்தால் தாமதம்" என்று அறிவித்தால், கோபிக்கும் முன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். எங்கோ ஒருவர் நமக்காகப் பொய்ச் சாட்சி சொல்ல மறுத்திருக்கலாம். அவருக்காக ஒரு துஆ செய்யுங்கள். அவருடைய வேலைக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டால், நான் அன்று தேநீர்க் கடையில் பேசியதைப் போல் பேசிவிடாதீர்கள்.

உண்மைக்குச் சாட்சியாக நிற்கும் துணிவையும், அப்படி நிற்பவரோடு நிற்கும் துணிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.