நீல நிலாவும் அத்திப்பூவும்

இரண்டு வருடம் கழித்து அண்ணன் துபாயிலிருந்து ஊருக்கு வந்திருந்தார். மன்னார்குடி வீட்டுத் திண்ணையில் அம்மாவின் தோளில் கைபோட்டு அவர் உட்கார்ந்திருந்த போட்டோவை, அண்ணி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். சென்னையில் இருந்த நான் உடனே, ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்!’ என்று எழுதி, பக்கத்தில் நாலு ஹார்ட்டும் போட்டேன். நீலம், நிலா என்று கேட்கவே அழகாக இருக்கிறதே! ‘கிடைத்தற்கரிய சந்தோஷம்’ என்றுதான் அதற்கு அர்த்தம் வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனால், அண்ணன் முகம் கொடுத்தே பேசவில்லை. அடுப்படியில் அண்ணிதான் மெல்லச் சொன்னார். “நீ எழுதினதை அவர் எத்தனை தடவை படிச்சாரோ தெரியலம்மா. ‘எப்பவாவதுதான் வீட்டை எட்டிப் பார்க்கிறேன்னு தங்கச்சி குத்திக் காட்டுறா’ன்னு வருத்தப்பட்டார்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிரவு போனில் தேடிப் படித்தேன்.

அந்தத் தொடருக்கு ‘மிக மிக அரிதாக’ என்பது மட்டுமே அர்த்தம். சந்தோஷம், பெருமை எதுவும் அதில் இல்லை. ‘நான் ஹோட்டலில் சாப்பிடுவது ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்று நம்மைப் பற்றிச் சொன்னால் தப்பில்லை. ‘நீ வருவது ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்று அடுத்தவரிடம் சொன்னால், ‘ஏன் அடிக்கடி வருவதில்லை?’ என்ற குறையாகவும் அது காதில் விழும். வாழ்க்கையில் ஒரே முறை வாய்க்கிற வாய்ப்புக்கும் இது பொருந்தாது. அதற்கு ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ இருக்கிறது. இது, எப்போதாவது நடந்தாலும் திரும்பவும் நடக்கிற விஷயத்துக்கு.

இன்னொன்றும் தெரிந்தது. ப்ளூ மூன் நீலமாகவே இருக்காது. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே சுமார் 29½ நாள். அதனால் எப்போதாவது ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்துவிடும். அந்த இரண்டாவதைத்தான் இன்று ப்ளூ மூன் என்கிறார்கள். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட்டில்கூட அப்படி ஒன்று வந்தது. சராசரியாக இரண்டரை வருடத்துக்கு ஒரு முறை வரும். கிட்டத்தட்ட அண்ணனின் லீவு கணக்கு!

காலையில் திண்ணையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அர்த்தம் தெரியாம எழுதிட்டேண்ணே. மன்னிச்சிடுங்க” என்றேன். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தவர், “லீவு நான் எடுக்கிறதில்லம்மா. கம்பெனி கொடுக்கிறது” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “அவன் வந்து இறங்கினப்போ நானும்தான் ‘என்னப்பா, அத்தி பூத்தாப்ல வந்திருக்கே’ன்னு கேட்டேன். சிரிச்சான். தங்கச்சி கேட்டா மட்டும் கோவமா?”

அண்ணன் சிரித்துவிட்டார். அர்த்தம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால், அம்மா கேட்டபோது அவளது குரலும் முகமும் கூடவே இருந்தன. நான் எழுதியதில் நாலு ஹார்ட் மட்டும்தான் இருந்தது.

அத்தி பூப்பதே இல்லை என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தவறாமல் பூக்கிறது. காய் என்று நாம் நினைக்கிற அந்த உருண்டைக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னப் பூக்கள் இருக்கும். வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

துபாயிலிருந்து தினமும் ராத்திரி போன் போட்டு, ‘பிரஷர் மாத்திரை போட்டியாம்மா?’ என்று கேட்பது அண்ணன்தான். சென்னையில் இருக்கும் நான், வாரத்துக்கு ஒரு முறை கேட்டாலே அதிகம்.