மாற்றிய வன்தட்டு

வங்காலையில் எங்கள் வீட்டு மேசைமீது மடிக்கணினியைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றினேன். இரண்டு நாளாய் 'டக், டக்' என்று முனகிய வன்தட்டு அடங்கிவிட்டது. புதியதைப் பொருத்த அரைமணி போதுமாயிருந்தது. கணினி விழித்தது, பெரியப்பா பாடித் தந்த வாசாப்புப் பாடல்கள் மீளவில்லை. அவரும் இன்றில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. அது கொடியோர் செயல். இது என் சோம்பல். எனினும் படிப்பினை ஒன்றே: ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஒரே நாளில் அழியும். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து ஏடுகளை மின்பிரதிகளாக்கி எவருக்கும் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது.

ஊரில் எஞ்சிய முதிய பாடகர்களைத் தேடிப் புறப்படுகிறேன். இம்முறை பதிவுகள் என் பெட்டிக்குள் உறங்கா. பலர் கைகளில் வாழும். பாட்டு ஊராரின் சொத்தல்லவா?