முறுக்கிய இருக்கை

பழைய பந்தயச் சைக்கிள்களின் தோல் இருக்கைகளைச் சேகரிப்பவன் நான். பர்மிங்காமில் 1866இல் தொடங்கப்பட்ட புரூக்ஸ் நிறுவனத்தின் பி17 ஒன்று என்னிடம் உண்டு. இரும்புச் சட்டத்தில் தூளியைப்போல இழுத்து ரிவெட் அடித்த ஒற்றைத் தோல். அடியில் பஞ்சோ ரப்பரோ கிடையாது. ஓட்டுபவரின் இடுப்பெலும்பு அழுந்தி அழுந்தி நாளடைவில் இரு பள்ளங்கள் விழும். அதன்பின் அது அவருக்கே உரியது, பிறருக்கு வலிக்கும்.

தோல் தொய்ந்தால் மூக்கின் அடியிலுள்ள திருகாணியைச் சற்று முறுக்கவேண்டும். சற்றுதான். புதிதுபோல் ஆக்கும் ஆசையில் (சேகரிப்பவனின் பெரும் நோய் அது) நான் ஒரே மூச்சில் பல சுற்று முறுக்கினேன். வறண்டிருந்த தோல் ரிவெட் துளைகளின் வழியே கிழிந்தது. முகமறியாத ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பதித்த பள்ளங்கள்!

தைத்துவிடலாம் என்றார் செருப்புத் தைப்பவர். வேண்டாமென்று எடுத்துவந்துவிட்டேன். புத்தக அலமாரியில் இருக்கிறது. அதன்மேல் நான் ஒருமுறைகூட அமர்ந்ததில்லை.