டீச்சரின் கார்

புகழ்பெற்ற சினிமாக் கார் ஒன்றின் கதையை நாங்கள் படித்தோம். 1968-இல் வெளிவந்த 'புல்லிட்' என்னும் ஆங்கிலப் படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை நிற முஸ்டாங் அது. 1974-இல் ஓர் அமெரிக்கக் குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. குடும்பத் தலைவி ஓர் ஆசிரியை. அதிலேயே பள்ளிக்குச் சென்று வந்தார். 1977-இல் மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. 1980-இல் பழுதாகி நின்றுவிட்டது. தந்தை 2014-இல் மறைந்தபின், மகன் அதை மீண்டும் ஓடச் செய்து, 2018-இல் டெட்ராய்ட் கண்காட்சியில் உலகறியக் காட்டினார். 2020-இல் 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

குடும்பம் அதைப் பிரிந்துவிட்டது. ஆனால் அன்று பள்ளி வாசலில் நின்ற பிள்ளைகளுக்கு அது வெறும் 'டீச்சர் கார்'தானே! அந்தப் பெயரை யார் விலைக்கு வாங்க முடியும்?