யாருக்கு வக்கீல்?

எந்தக் கேஸ் கட்டைப் பிரிப்பதற்கு முன்பும் என் சீனியர் கேட்பது ஒன்றுதான்: "இதுல நம்ம கட்சிக்காரர் யாரும்மா?" உயர் நீதிமன்ற வழக்குகளில் பதில் வக்காலத்திலேயே இருக்கும். ஆனால் அவர் இரண்டு கம்பெனிகளில் இயக்குநர். தேர்தல் வந்தால் ஓர் அரசியல் கட்சிக்குச் சட்ட ஆலோசகர். அந்த வேலைகளில் பதில் அவ்வளவு எளிதில் கிடைக்காது. ஆலோசனை சொல்லும் தொழிலை அவரிடம் ஜூனியராக இருந்துதான் படித்தேன். அதில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

வக்கீல் வியாபாரத்துக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பார் கவுன்சில் விதிகள் கோடு போட்டிருக்கின்றன. கம்பெனியின் இயக்குநராக, தலைவராகக்கூட இருக்கலாம். அன்றாட நிர்வாகம் கையில் இருக்கக் கூடாது. மேனேஜிங் டைரக்டராகவோ கம்பெனி செகரட்டரியாகவோ ஆகவே கூடாது. சேர்ந்த புதிதில் இதை ஒரு தடையாகத்தான் பார்த்தேன். போர்டு மீட்டிங்குக்கான கோப்புகளைத் தயார் செய்யத் தொடங்கிய பிறகு அதன் நியாயம் புரிந்தது. கம்பெனியை உருவாக்கியவர் காரை அனுப்புவார், வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவார், தன் சொந்தச் சிக்கலுக்கும் யோசனை கேட்பார். சார் சாப்பிடுவார், பேசுவார். கருத்துரை எழுத உட்கார்ந்தால் மட்டும் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 166-ஆம் பிரிவை எடுத்து வைக்கச் சொல்வார். இயக்குநரின் கடமை கம்பெனிக்கும் அதன் பங்குதாரர்கள் அனைவருக்கும் தொழிலாளர்களுக்கும் என்று சொல்லும் பிரிவு அது. "அவருக்குப் பிடிக்காத வரிதான் முதல் வரியா வரணும்" என்பார். நான் நான்காம் பக்கத்தில் வைத்திருந்த எச்சரிக்கையைப் பென்சிலால் வட்டமிட்டு, முதல் பக்கத்துக்கு அம்பு போடுவார். நிர்வாகிகள் முதல் பக்கத்தைத் தாண்டிப் படிப்பது அபூர்வம் என்பது அவருக்குத் தெரியும்.

கட்சி வேலையில் எனக்கு அமைந்த பள்ளிக்கூடம் 26-ஆம் படிவம். வேட்பாளர் தன் வழக்குகள், சொத்து, கடன், மனைவி அல்லது கணவரின் சொத்து, ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதித் தரும் பிரமாணப் பத்திரம். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விட்டால் மனுவே தள்ளுபடியாகலாம். பொய் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை. இதை நிரப்புவது குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. மேடையில் ஆயிரம் பேர் முன்னால் பேசுகிற மனிதரிடம், "உங்க வீட்டம்மா பேர்ல எத்தனை பவுன் இருக்குங்க?" என்று கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். "இருக்கும்மா, கொஞ்சம்" என்பார். கொஞ்சம் என்பதைக் கிராமாக மாற்றும்வரை நாற்காலியை விட்டு எழக் கூடாது. சார் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவர் அப்படிப் பேசாமல் இருப்பதில்தான் எதிரில் இருப்பவர் மெல்ல இறங்கிவருவார். பார்த்துப் பார்த்துப் பழகினேன்.

இரண்டு உலகமும் மோதிய நாளை மறக்க முடியாது. அவர் இயக்குநராக இருந்த கம்பெனி, அவர் ஆலோசனை சொல்லும் கட்சிக்கு நன்கொடை தர நினைத்தது. கம்பெனிச் சட்டத்தின் 182-ஆம் பிரிவின்படி அதற்குப் போர்டு தீர்மானம் வேண்டும். மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்றிருந்த உச்சவரம்பை 2017-ல் எடுத்துவிட்டார்கள். தேர்தல் பத்திர வழக்கில் 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது. ஆக, நல்ல சட்டக் குறிப்பு தேவைப்படும் நேரம். நானே எழுதித் தருகிறேன் என்று முன்வந்தேன். "நம்ம ஆபீஸ்ல இருந்து ஒரு வரி போகக் கூடாதும்மா. வேற வக்கீலைப் பார்க்கச் சொல்லு" என்றார். அந்தத் தீர்மானம் வந்தபோது அறையை விட்டு எழுந்து போனார். போனதை மினிட்ஸில் பதியச் சொன்னார். அன்று மாலை கட்சி அலுவலகத்திலிருந்து வந்த தொலைபேசியில், கம்பெனி என்ன முடிவு செய்தது என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். உண்மையாகவே அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் எழுந்து போயிருந்தார்.

இப்படி நீதிமன்றம், கம்பெனி, அரசியல் என்று மூன்று இடத்திலும் கால் வைத்தவர்கள் சென்னைக்குப் புதிதல்ல என்பார் சார். மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரைப் பற்றிப் படிக்கச் சொன்னார். 1906-ல் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஏராளமானோரின் சேமிப்பு மூழ்கியபோது, உள்ளூர்க்காரர்களின் முதலீட்டில் ஒரு வங்கி வேண்டும் என்று முன்னின்றவர்களில் அவர் முக்கியமானவர். 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. பிறகு நீதிபதியானார், 1911-ல் ஆளுநரின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். அரசியலில் மிதவாதியாக இருந்தும், தீவிரவாத அணியில் நின்ற பாரதியின் பாடல்களைத் தன் செலவில் அச்சிட்டுப் பரப்பினார். கட்சியையும் கவிதையையும் அவர் தனித்தனியாக எடை போட்டதை என்னால் இன்னும் வியக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது தனியாக ஆபீஸ் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு கம்பெனி என்னை இன்டிபென்டன்ட் டைரக்டராக வரச் சொல்லிக் கேட்டது. அதன் நிறுவனருடைய சொத்து வழக்கில் அவருக்காக ஆஜராகி வருகிறேன். இரண்டில் ஒன்றைத்தான் ஏற்க முடியும் என்று முதல் வரியிலேயே எழுதி அனுப்பினேன். வழக்கை வைத்துக்கொண்டேன்.