ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு

தேர்தல் முடிந்த மறுநாள் வென்றவர் வீட்டில் வெடி கேட்கும். தோற்றவர் வீட்டுப் படலை சாத்தியிருக்கும். இவ்விரு காட்சிகளும் நம் எல்லோருக்கும் பழக்கமானவை. ஆனால், மகிழ்வதா வருந்துவதா என்று அறியாது திகைத்து நிற்கும் ஒரு சாராரும் உளர். தாம் விரும்பிய தலைவர் வென்றிருப்பார். அதே வாக்குப் பெட்டியிலிருந்து தமக்கு எதிரான தீர்ப்பும் வந்திருக்கும். 2008 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அத்தகையோர் சிலரை அருகிலிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. அவர்களைப் பற்றி நம்மவர்க்கு எழுத வேண்டும் என்ற எண்ணம் அன்று தொட்டே என் மனத்தில் இருந்து வந்தது.

என் மகளின் இரண்டாவது பிரசவத்துக்குத் துணையாக அவ்வாண்டு நான் ஓக்லண்ட் நகருக்குச் சென்றிருந்தேன். சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில், நீண்ட பாலம் ஒன்றினால் இணைக்கப்பட்ட நகரம் அது. மகளின் அயல்வீட்டில் அறுபது வயதைக் கடந்த இரு பெண்மணிகள் வாழ்ந்தனர். ஒருவர் கறுப்பினத்தவர், கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் வெள்ளையர், தாதியாகப் பணியாற்றியவர். நானும் ஆசிரியையாக இருந்தவளாதலால், நம் ஊர் வழக்கப்படி முதலாமவரை ‘ரீச்சர்’ என்றே அழைத்தேன். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று. நான் உழுந்து வடை சுட்டால் வேலிக்கு மேலால் கொடுப்பேன். அவர்கள் தம் வளவில் காய்த்த எலுமிச்சம் பழங்களைப் பையில் போட்டுத் தருவார்கள்.

இவ்விருவரும் முப்பது ஆண்டுகளாகத் தம்பதிகளாய் வாழ்ந்தவர்கள். ஆணை நேசிக்கும் ஆணையும், பெண்ணை நேசிக்கும் பெண்ணையும் இக்காலத்தில் தன்பாலீர்ப்புடையோர் என்கிறோம். முன்னைய தலைமுறையினர் பேசாமலே கடந்து சென்ற விடயம் இது. அத்தகையோர் எல்லா ஊர்களிலும், எல்லாக் குடும்பங்களிலும் இருந்தே வந்துள்ளனர்.

அவ்வாண்டு மே மாதம் 15 ஆம் திகதி கலிபோர்னியா மாநில உயர் நீதிமன்றம், இத்தகைய இருவர் மணம் செய்வதைத் தடுப்பது மாநில அரசியலமைப்புக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. நீதியரசர் எழுவரில் நால்வர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். யூன் 16 ஆம் திகதி மாலை சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் முதலாவதாக மணம் புரிந்தவர்கள் டெல் மார்ட்டினும் பிலிஸ் லையனும் ஆவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றாய் வாழ்ந்த அம்மூதாட்டிகளில் டெல் மார்ட்டின், ஓகஸ்ட் மாதத்திலேயே தமது 87 ஆவது வயதில் காலமானார். நவம்பர் வரையில் ஏறத்தாழ 18,000 இணையர் அம்மாநிலத்தில் மணம் புரிந்தனர். என் அயலவர் இருவரும் யூலை மாதத்தில் விவாகப் பதிவு செய்துகொண்டனர். அச்சான்றிதழைச் சட்டமிட்டு, சமையலறைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தனர்.

ஆனால், கலிபோர்னியாவில் போதிய கையொப்பங்களைத் திரட்டினால் அரசியலமைப்பையே பொதுமக்கள் வாக்கினால் திருத்தலாம். நவம்பர் 4 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலோடு பன்னிரண்டு பிரேரணைகள் வாக்காளர் முன் வைக்கப்பட்டன. அவற்றுள் எட்டாம் இலக்கப் பிரேரணை, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான விவாகம் மட்டுமே செல்லுபடியாகும் என்று கூறிற்று. இரண்டாம் இலக்கப் பிரேரணையோ, பண்ணைகளில் அடைத்து வைக்கப்படும் கோழி முதலிய பிராணிகளுக்கு எழுந்து நிற்கவும் திரும்பவும் சிறகு விரிக்கவும் இடம் வேண்டும் என்று கேட்டது.

தேர்தல் இரவு நாங்கள் அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். எட்டு மணிக்கு வாக்களிப்பு முடிந்ததுதான் தாமதம், பராக் ஒபாமா வெற்றி பெற்றார் என்ற அறிவிப்பு வந்தது. தெருவெங்கும் மோட்டார் வண்டிகள் ஒலியெழுப்பின. ரீச்சர் எழுந்து நின்றார்; பின் நிற்க மாட்டாமல் அமர்ந்து, முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டு விம்மினார். அவர் மிசிசிப்பி மாநிலத்திலே பிறந்தவர். அவருடைய தந்தையார் வாக்காளராகப் பதியச் சென்றபோது, அரசியலமைப்பின் ஒரு பிரிவை வாசித்துப் பொருள் கூறும்படி பணித்து, கூறிய பொருள் பிழை என்று திருப்பி அனுப்பினார்களாம். 1965 ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்த பின்னரே அவரால் வாக்களிக்க முடிந்தது. “என் அப்பா இருந்திருக்க வேண்டும்” என்பதற்கு மேல் ரீச்சரால் ஒன்றும் பேச முடியவில்லை. சிக்காகோ நகரில் ஒபாமா ஆற்றிய உரையில், நாட்டு மக்களை வகை வகையாகச் சொல்லி வரும்போது தன்பாலீர்ப்புடையோரையும் சேர்த்துக் கூறினார். அதைக் கேட்ட தாதியம்மா ரீச்சரின் கையைப் பற்றிக்கொண்டார்.

நள்ளிரவுக்குப் பின் மற்றைய முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. விடியற்காலையில் நான் குழந்தைக்குப் பால் காய்ச்ச எழுந்தபோது அயல்வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. எட்டாம் பிரேரணை வென்றிருந்தது. இறுதிக் கணக்கின்படி நூற்றுக்கு 52 பேர் அதற்கு ஆதரவு; 48 பேர் எதிர்ப்பு. கோழிகளுக்கான பிரேரணையோ 63 சதவீதத்துக்கு மேல் பெற்றது. “கோழிகளுக்கு என் மனமார்ந்த வாழ்த்துக்கள்” என்றார் ரீச்சர். பின்னர், “நேற்றிரவு எட்டு மணிக்கு இந்த நாடு முதன்முறையாக என்னுடையதாயிற்று. இன்று காலை இந்த மாநிலம் என்னை வெளியே போகச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் வாக்களித்தவர்களுள் பலர் ஒரே ஆட்கள்” என்றார். அது உண்மையே. அம்மாநில வாக்காளரில் நூற்றுக்கு 61 பேர் ஒபாமாவுக்கு வாக்களித்திருந்தனர்.

நான் அவருக்கு நம் பழமொழி ஒன்றைச் சொன்னேன்: ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. கண்ணில் சுண்ணாம்பு பட்டால் எப்படி எரியும் என்பதையும் விளக்கினேன். கலங்கிய முகத்தோடே அவர் சிரித்தார். அதை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய நண்பர்கள் சிலர் அவ்வீட்டில் கூடினர். ஒரே சமூகத்தவர், எனினும் ஒவ்வொருவர் மனமும் ஒவ்வொரு விதமாக இருந்தது. ஒருவர், எட்டு ஆண்டுகளின் பின் நாட்டுக்கு நல்ல காலம் வந்ததே, நம் துக்கத்தைச் சற்று ஒதுக்கி வைப்போம் என்றார். மற்றொருவருக்கு ஒபாமா மீதே மனத்தாங்கல் இருந்தது. அவர் எட்டாம் பிரேரணையை எதிர்த்தவர்தாம். ஆயினும் விவாகம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்றே தாம் நம்புவதாகவும் கூறியிருந்தார். பிரேரணையின் ஆதரவாளர்கள் அந்த வார்த்தைகளை எடுத்துத் தம் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினர். இன்னொருவர், புளோரிடாவிலும் அரிசோனாவிலும் இதே தீர்ப்பு வந்திருக்கிறது, நமக்கு மட்டும் நேர்ந்ததன்று என்று ஆறுதல் சொன்னார். அது ஆறுதலாக இல்லை.

அப்போது வெள்ளை இளைஞர் ஒருவர், “கறுப்பினத்தவர் நூற்றுக்கு எழுபது பேர் நமக்கு எதிராக வாக்களித்தார்களாம். அவர்களுடைய தலைவருக்காக நாங்கள் உழைத்தோமே!” என்று ஆத்திரத்தோடு கூறினார். அறை அமைதியாயிற்று. ரீச்சர் குரலை உயர்த்தாமல், “தம்பி, நான் எந்தப் பக்கத்தில் உட்கார வேண்டும்?” என்று கேட்டார். (தம்பி என்பது என் மொழிபெயர்ப்பு, அவர் அழைத்த தொனி அதுவே.) அவ்விளைஞரிடம் மறுமொழி இருக்கவில்லை. தேர்தல் தினத்துக் கருத்துக் கணிப்பிலிருந்து பிறந்த அந்த எழுபது என்ற எண் மிகையானது என்று 2009 சனவரியில் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. 58 சதவீதமளவே சரியான மதிப்பீடு என்றும், நிறத்தை விட வயதும் சமய ஈடுபாடுமே வாக்கைப் பெரிதும் நிர்ணயித்தன என்றும் அது கூறிற்று. அதற்குள் அந்த எண் எத்தனையோ நட்புகளைப் புண்படுத்திவிட்டது. தோல்வியுற்ற ஒரு சிறு கூட்டம் மற்றொரு சிறு கூட்டத்தின் மீது பழி போடுவது எவ்வளவு இலகு! 1963 ஆம் ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணியை ஒழுங்கு செய்த பேயார்ட் ரஸ்ரின் என்பவர் கறுப்பினத்தவர்; தன்பாலீர்ப்புடையவரும் ஆவார். அவர் போன்றோரையும் ரீச்சரையும் எவ்வாறு இரண்டாகப் பிளப்பது?

அன்று ரீச்சர் மற்றொன்றையும் நினைவூட்டினார். ஒபாமாவின் தாயார் வெள்ளையர். தந்தையார் கென்யா நாட்டவர். அவர்கள் 1961 இல் ஹவாயில் மணம் புரிந்தனர். அக்காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அத்தகைய கலப்பு மணம் செல்லாது. கலிபோர்னியாவில் அத்தடையை 1948 இல் நீக்கியது மாநில நீதிமன்றம். நாடு முழுவதற்கும் 1967 இல் நீக்கியது ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம். “இதை மக்கள் வாக்குக்கு விட்டிருந்தால் எப்போது நீங்கியிருக்குமோ! நான் பிறந்த மாநிலத்தின் பழைய சட்டப்படி எங்கள் விவாகம் இரண்டு விதத்தில் செல்லாதது” என்றார்.

அந்த வாரம் கோயிலில் நம்மவர் ஒருவரைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர், 1983 இன் பின் அங்கு சென்று குடியேறியவர், பண்பான மனிதர். ஒபாமாவுக்கும் எட்டாம் பிரேரணைக்கும் தாம் வாக்களித்ததாகச் சொன்னார். நமது கலாசாரத்துக்கு இவை ஒவ்வாதவை என்பது அவர் எண்ணம். அதைப்பற்றி நான் வாதாடவில்லை. ஆனால் அவர், “பெரும்பான்மையோர் தீர்மானித்துவிட்டனர். பிறகு என்ன பேச்சு?” என்றபோது என்னால் வாளாவிருக்க முடியவில்லை. “மாஸ்ரர், இந்த வார்த்தையை நாங்கள் 1956 இலும் கேட்டோம் அல்லவா?” என்றேன்.

1956 இல் நான் பன்னிரண்டு வயதுச் சிறுமி. என் தந்தையார் அரசாங்க இலிகிதர். சிங்களம் மட்டும் அரச கரும மொழி என்ற சட்டம் நிறைவேறிய மாலையில் அவர் உண்ணாமல் திண்ணையில் அமர்ந்திருந்தது எனக்கு நினைவுண்டு. அச்சட்டம் களவாக வந்ததன்று. தேர்தல் நடந்தது, பெரும்பான்மை கிடைத்தது, பாராளுமன்றத்தில் கை எண்ணப்பட்டது. ஓர் இனத்தவர்க்கு மட்டும் தடைகளை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவில் எழுதப்பட்டிருந்தும் அது நிறைவேறிற்று. வாக்குகளை எண்ணி ஆள்பவரைத் தெரிவு செய்யலாம். வரி எவ்வளவு, வீதி எங்கே என்றும் முடிவு செய்யலாம். சிலருடைய மொழியையும், வழிபாட்டையும், யாரோடு வாழ்வது என்பதையும் பலருடைய கை எண்ணிக்கைக்கு விடலாமா? மாஸ்ரர் நெடுநேரம் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அது வேறு, இது வேறு” என்று அவர் சொல்லவில்லை. அதற்காக அவர் மீது எனக்கு மதிப்பு உயர்ந்தது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009 மே மாதத்தில் மாநில உயர் நீதிமன்றம் எட்டாம் பிரேரணை செல்லும் என்றது. ஆனால் முன்னமே மணம் புரிந்த 18,000 இணையரின் விவாகங்களும் செல்லும் என்றது. சமையலறைச் சுவரின் சான்றிதழ் பிழைத்தது. 2010 இல் சமஷ்டி நீதிமன்றமொன்று அப்பிரேரணையைத் தள்ளிற்று. 2012 இல் ஒபாமா தம் மனம் மாறியதை வெளிப்படையாக அறிவித்தார். 2013 யூன் மாதத்தில் கலிபோர்னியாவில் இத்தகைய விவாகங்கள் மீண்டும் தொடங்கின. 2015 யூன் 26 ஆம் திகதி நாடு முழுவதும் அவை சட்டபூர்வமாயின. அதற்கு முந்திய ஆண்டிலேயே தாதியம்மா காலமாகிவிட்டார். இறப்புச் சான்றிதழில் வாழ்க்கைத் துணையின் பெயரை எழுதும் இடத்தில் ரீச்சரின் பெயர் இருந்தது. அதை மட்டும் அவர் என் மகளிடம் இரண்டு தடவை சொன்னாராம்.

எட்டாம் பிரேரணையின் வாசகம் செயலற்றதாக அரசியலமைப்பில் கிடந்தது. 2024 நவம்பர் 5 ஆம் திகதி அதை நீக்குவதற்கான பிரேரணை மக்கள் முன் வைக்கப்பட்டது. 62 சதவீதத்துக்கு மேற்பட்டோர் நீக்கும்படி வாக்களித்தனர். அதே நாளில் டொனால்ட் ட்ரம்ப் மீண்டும் ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். 2025 சனவரியில் பதவியேற்ற அன்றே, ஆண், பெண் என்ற இரு பால்களை மட்டுமே சமஷ்டி அரசு ஏற்கும் என்ற கட்டளையில் அவர் கையொப்பமிட்டார். பதினாறு ஆண்டுகளின் பின், இம்முறை மாநிலம் அணைத்தது, நாடு அச்சமூட்டிற்று. எண்பது வயதான ரீச்சர் தொலைபேசியில் என் மகளிடம், “அம்மாவுக்குச் சொல்லுங்கள், கண்கள் இடம் மாறிவிட்டன” என்று சொல்லியனுப்பினார்.

நம் நாட்டிலோ கதை இன்னும் ஆரம்பக் கட்டத்தையே தாண்டவில்லை. பிரித்தானியர் 1883 இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகள் இத்தகைய உறவைக் குற்றமாக்கின. 1995 இல் செய்யப்பட்ட திருத்தத்தினால் பெண்களும் அதற்குள் அடக்கப்பட்டனர். இதனை மாற்றுவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் நம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அது சட்டமாகு முன்பே 2024 இல் அந்தப் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அவ்வாண்டின் இரண்டு தேர்தல்களிலும் நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இந்த இரட்டை மனத்தோடு வரிசையில் நின்றிருப்பர். நாட்டுக்கு நன்மை வருமா என்பது ஒரு கேள்வி. அந்த நாட்டில் தமக்கு இடமுண்டா என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவது கேள்வியை அவர்கள் வீட்டில் வாய் திறந்து கேட்பதில்லை.

அவர்களுக்காக நாம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அடுத்த தேர்தல் முடிவு வானொலியில் வரும்போது, வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் மகிழ்ச்சியில் முழுமையாகக் கலந்துகொள்ளாதிருந்தால், “ஏன் முகம் வாடியிருக்கிறது?” என்று அன்போடு கேட்போம். மறுமொழி எதுவாயினும் அதைப் பொறுமையோடு கேட்டு, வழமை போல ஒரே பந்தியில் இருத்திச் சோறு பரிமாறுவோம்.