லியோனில் ஒரு மதியச் சாப்பாடு

லியோன் நகரத்தில் சாப்பாட்டுக் கடைக்குப் பஞ்சமே இல்லை. எதை நம்பி உட்காருவது என்பதுதான் தலைவலி. ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள் கூடும் இந்த ஊரைச் சமையலின் தலைநகரம் என்று 1930களிலிருந்தே சொல்லி வருகிறார்கள். அப்படிப் பெயர் எடுத்த ஊரில் பெயரை மட்டும் விற்றுப் பிழைப்பவர்களும் இருக்கத்தானே செய்வார்கள்? பழைய நகரத்தின் ரூ சேன் ழான் தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் சிவப்புக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு, சுவரில் செப்புச் சட்டி, வாசலில் 'பூஷோன்' என்று எழுதிய பலகை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எங்கள் தேவை பெரிதல்ல. நானும் மனைவியும் ஆளுக்கு 25, 30 யூரோவுக்குள், ஊரின் பழைய சமையலை, வயிறும் மனதும் நிறையச் சாப்பிட வேண்டும். நட்சத்திர உணவகத்துக்குப் போகும் அளவுக்கு மடியில் கனமில்லை. ரயில் நிலைய சாண்ட்விச்சோடு நாளைக் கழிக்கவும் மனமில்லை. அகலத் தட்டின் நடுவில் மூன்று பட்டாணியும் ஒரு கோடு சாஸும் வைத்து அசத்தும் புதுப் பாணிக் கடைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் சில பிரமாதமாகவும் இருக்கும். ஆனால் வெளியூரில் கையில் இருக்கும் மதியத்தை வைத்துச் சூதாட எனக்குத் துணிச்சல் போதாது. பூஷோன்தான் என்று முடிவு செய்தோம்.

பூஷோன் என்பது லியோனுக்கே உரிய சின்ன உணவகம். இந்த ஊர் பட்டு நெசவால் வளர்ந்தது. க்ருவா ரூஸ் குன்றின் மேல் இன்றும் நெசவாளர் வீடுகளைப் பார்க்கலாம். ழக்கார் தறியை நிறுத்துவதற்காகவே கூரையை நான்கு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். கன்யூ என்று அழைக்கப்பட்ட அந்த நெசவாளர்கள் கூலிக்காக 1831-லும் 1834-லும் கிளர்ந்தெழுந்தவர்கள். விடியுமுன்பே வேலைக்கு இறங்கிவிடுவார்கள். அதனால் காலையிலேயே மாஷோன் என்று ஒரு கனத்த சாப்பாடு: குடல், சாசேஜ், ஒரு குவளை ஒயின். பணக்காரர் வீட்டுக்கு நல்ல கறி போய்விட்டால், மிச்சம் இருப்பதை வைத்துத்தானே ஏழை சமைக்க வேண்டும்? மதுரைப் பக்கத்து அசைவ மெஸ்ஸில் குடல் குழம்பும் ரத்தப் பொரியலும் வந்த வழிதான் இவையும் வந்த வழி. பூஷோன் மெனுவில் நாக்கும் கன்றுத் தலையும் பன்றி ரத்த சாசேஜும் இன்றும் மதிப்போடு இருப்பதன் காரணம் இது.

அடுப்படியில் நின்றவர்களில் பலர் பெண்கள். பெரிய வீடுகளில் சமையல் வேலை பார்த்துவிட்டுப் பிறகு சொந்தமாகக் கடை போட்ட இவர்களை 'மேர்', அதாவது அம்மா என்றே ஊர் அழைத்தது. பண்ணைக் கூலியாக வாழ்க்கையைத் தொடங்கிய ஓழெனி பிராசியே 1921-ல் ரூ ரோயாலில் சிறிய கடையைத் திறந்தார். 1933-ல் அவருடைய இரண்டு உணவகங்களுக்கும் மிஷெலின் தலா மூன்று நட்சத்திரம் கொடுத்தது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற போல் போக்யூஸ் அவரிடம் வேலை கற்றவர். பிராசியே அம்மாவின் கடை இன்றும் நடக்கிறது. ஆனால் விலை எங்களைப் போன்றவர்களுக்கானது இல்லை. அவரோடு வளர்ந்த சமையலின் எளிய கிளைதான் பூஷோன்களில் மிஞ்சியிருக்கிறது.

இதை நம்பகமான சாப்பாடு என்று சொல்வதற்கு என்னிடம் காரணம் உண்டு. மெனு சின்னது. அதே பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்களை ஆண்டுக்கணக்கில் சமைப்பதால் கை தவறுவதில்லை. மலிவான கறியை மணிக்கணக்கில் வேகவைப்பதே அதன் பக்குவம். எனவே ருசி நேரத்தைப் பொறுத்தது, விலை உயர்ந்த சரக்கைப் பொறுத்தது அல்ல. தவிரவும், மதியம் அங்கே வருகிறவர்கள் பக்கத்து அலுவலகத்துக்காரர்கள். பிரான்ஸில் பல நிறுவனங்கள் ஊழியருக்குச் சாப்பாட்டுக் கூப்பன் தருகின்றன. முதலாளியும் ஊழியரும் ஆளுக்குப் பங்கு போடும் கூப்பன் அது. அதை நீட்டிச் சாப்பிடுகிறவர் அடுத்த வாரமும் வர வேண்டுமென்றால், கடைக்காரர் அளவையோ ருசியையோ குறைக்க முடியாது. சுற்றுலாப் பயணியை ஏமாற்றினால் என்ன? அவர் திரும்பி வரப் போவதில்லையே.

போலிகள் பெருகியதால் 1997-ல் சில உணவகக்காரர்கள் சேர்ந்து அசல் பூஷோன்களுக்கு அடையாளம் கொடுத்தார்கள். வாசலில் ஞாஃப்ரோன் படம் இருக்கும். லியோனில் பிறந்த கீனியோல் பொம்மலாட்டத்தில் வரும் குடிப்பிரியனான செருப்பு தைப்பவன் அவன். ஒரு கையில் ஒயின் கோப்பையோடு நிற்பான். 2012-ல் வணிகச் சங்கமும் சுற்றுலா அலுவலகமும் சேர்ந்து 'லே பூஷோன் லியோனே' என்ற முத்திரையைக் கொண்டுவந்தன. முத்திரை உள்ள கடையாகத் தேடுவது நல்ல தொடக்கம். ஆனால் முத்திரை வாங்காத நல்ல கடைகளும் உண்டு என்பதால், நான் அதோடு வாசலையும் படிக்கிறேன்.

விலையோடு மெனுவை வெளியே மாட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். எனவே உள்ளே நுழையாமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்ட நீள மெனு, ஆறு மொழி, பதார்த்தத்துக்குப் புகைப்படம், குடல் சாசேஜுக்குப் பக்கத்திலேயே பீட்சா, வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைக்கும் ஆள்: இவற்றில் இரண்டு கண்ணில் பட்டாலே நான் நடையைக் கட்டிவிடுவேன். மதியம் மூன்றரைக்கும் சூடாகச் சாப்பாடு போடும் பூஷோனையும் நம்புவதில்லை. உண்மையான கடையில் சமையல்காரர் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருப்பது நல்ல அறிகுறிதான், ஆனால் இப்போது அதையும் அச்சடித்து மாட்டுகிறார்கள். கிட்டே போய்ப் பாருங்கள். நேற்றைய எழுத்தை அழித்த தடம் தெரிய வேண்டும்.

2014 முதல் இன்னொரு குறி உண்டு. சட்டியின் மேல் வீட்டுக்கூரை கவிழ்த்தது போன்ற சின்னப் படம். 'இங்கேயே சமைத்தது' என்று அர்த்தம். தொழிற்சாலையில் சமைத்துப் பொட்டலமாக வரும் உணவைச் சுடவைத்துப் பரிமாறும் வழக்கம் பரவியதால் வந்த சட்டம் இது. ஆனாலும் உறைய வைத்த பச்சைக் கறியையும் காய்கறியையும் வாங்கிச் சமைத்தால் அந்தப் படத்தைப் போட்டுக்கொள்ளலாம். அதனால் அதை முழுதாக நம்ப வேண்டியதில்லை, பாதிச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

நாங்கள் சாப்பிட்டது ஒபேராவுக்குப் பின்னால் ஒரு சந்தில். அந்தப் பகுதி நம்பத்தக்கது. அங்கே இருக்கும் 'ல காரே' பூஷோனில், நாஜி எதிர்ப்பு இயக்கத் தலைவர் ழான் மூலேன் 1942-ல் வந்து சாப்பிட்டிருக்கிறார். நாங்கள் போன கடை அதைவிடச் சிறியது. பன்னிரண்டேகாலுக்கே மேசைகள் பாதி நிறைந்திருந்தன. இரண்டு மேசைக்கு நடுவே உள்ளங்கை அகலம்தான் இடைவெளி. எங்களை உட்கார வைப்பதற்காகப் பரிமாறும் அம்மாள் மேசையையே வெளியே இழுத்து, மனைவியைச் சுவரோரம் அனுப்பிவிட்டு மறுபடி தள்ளினார். உள்ளே நுழைந்ததும் 'போன்ழூர் மதாம்' என்று சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் மேசை கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

"ஏங்க, இதுல நான் சாப்பிடற மாதிரி ஏதாவது இருக்கான்னு கேளுங்க" என்றாள் மனைவி. அவள் முட்டை வரை சாப்பிடுவாள். அதைத் தாண்டினால் கிடையாது. கேட்டேன். அம்மாள் என்னைப் பார்க்காமல் அவளை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு போய், நான்கைந்து பெரிய பீங்கான் கிண்ணங்களைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார். இதுதான் லியோன் வழக்கம்: வினிகரில் ஊறிய பச்சைப் பருப்பு, பீட்ரூட், உருளைக்கிழங்கோடு உப்பிட்ட ஹெர்ரிங் மீன், பன்றி மூக்குத் துண்டு. வேண்டியதை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பருப்பும் பீட்ரூட்டும் அவளுக்கு. மீதி எனக்கு. லியோன் சாலட் என்றதும் கீரைதானே என்று நினைத்துவிடக் கூடாது. கீரைக்கு நடுவே பன்றிக் கொழுப்புத் துண்டுகள் வறுத்துப் போட்டிருப்பார்கள், மேலே அரைவேக்காட்டு முட்டை. கொழுப்புத் துண்டு இல்லாமல் கேட்டால் தருகிறார்கள்.

நான் கெனெல் சொன்னேன். ப்ரோஷே என்னும் ஆற்று மீனில் முள் அதிகம். அதனால் சதையை அரைத்துச் சலித்து, மாவு, பால், வெண்ணெய், முட்டை சேர்த்து உருட்டி வெந்நீரில் வேகவைத்து, பிறகு சாஸ் ஊற்றி அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். மேசைக்கு வரும்போது அது ஊதிப் பருத்து, மேலே பழுப்புத் தோலோடு, ஓரத்தில் ஆரஞ்சு நிறச் சாஸ் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. நன்னீர் இறால் வகையிலிருந்து எடுத்த வெண்ணெயில் செய்த நான்துவா சாஸ் அது. கரண்டியை வைத்ததும் மூச்சு விடுவதுபோல் ஆவி வெளியேறி லேசாக அமுங்கியது. உள்ளே பஞ்சு. முள்ளின் சுவடே இல்லை. நல்ல கடையா என்பதைச் சொல்ல இந்த ஒரு பதார்த்தம் போதும். தொழிற்சாலை உருண்டை என்றால் ரப்பர் பந்துபோலத் தட்டில் வழுக்கும்.

பக்கத்து மேசைக்காரர் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த ஒரு பெரிய தட்டையான துண்டை வெட்டிக்கொண்டிருந்தார். தப்லியே தெ சப்பர். மாட்டின் வயிற்றுப் பகுதியை வேகவைத்து, வெள்ளை ஒயினில் ஊறவைத்துப் பொரிப்பது. நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு ஒரு துண்டை என் தட்டில் வைத்தார். பிரான்ஸில் இப்படி நடப்பது அபூர்வம், நெருக்கமான மேசைகளின் புண்ணியம். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே குடலின் அந்த வழவழப்பு. எனக்குப் பிடித்தது. அந்துயெத் என்ற குடல் சாசேஜை மட்டும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வாசனை மேசையைத் தாண்டி வரும். குடல் குழம்பு தின்று வளர்ந்தவனே சொல்கிறேன்.

மனைவிக்கு முக்கியப் பதார்த்தமாக மீன் சேர்க்காத வெறும் கெனெலும் உருளைக்கிழங்கும் பாலேடும் அடுக்கிச் சுட்ட கிராத்தனும் கிடைத்தன. பிறகு செர்வேல் தெ கன்யூ: வடிகட்டிய தயிர்ப் பாலாடையில் சின்ன வெங்காயமும் வாசனை இலைகளும் நறுக்கிப் போட்டு அடித்தது. ரொட்டியில் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இது ஒண்ணுக்காகவே வரலாம்" என்றாள். சைவர்களுக்குப் பூஷோன் தோதான இடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முட்டையும் சாப்பிடாதவர்கள் அங்கே பருப்போடும் பாலாடையோடும் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். வெங்காய சூப்பைக்கூடக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். பல இடங்களில் மாட்டெலும்புச் சாற்றில் செய்கிறார்கள்.

கடைசியில் சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாமைப் போட்டுச் சுட்ட ப்ரலீன் டார்ட். பார்ப்பதற்குச் சாயம் கொட்டியதுபோல இருக்கும். திகட்டும். இருவருக்கு ஒன்று போதும்.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பதார்த்தம், முக்கியப் பதார்த்தம், இனிப்பு என்று மூன்றும் சேர்ந்த மதிய மெனு எங்களுக்கு ஆளுக்கு 25 யூரோவுக்குள் முடிந்தது. அதையே இரவில் தனித்தனியாகச் சொன்னால் எளிதாக 40 ஆகிவிடும். வரியும் பரிமாறும் கட்டணமும் எழுதிய விலைக்குள் அடக்கம். தட்டில் ஓரிரு நாணயம் வைத்தால் மரியாதை, வைக்காவிட்டால் குற்றமில்லை. ரொட்டிக்குக் காசில்லை. தண்ணீர் என்று மட்டும் கேட்டால் புட்டித் தண்ணீர் வந்து பில்லில் ஏறும். 'கராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாக வைப்பார்கள். ஒயின் குடிப்பவர்களுக்கு 'போ' என்ற அடி தடித்த புட்டியில் 46 சென்டிலிட்டர் போஜொலே வரும். இரண்டு பேருக்குத் தாராளம்.

லியோனுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் பெரிய செலவு செய்வதை மதியத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளைத் தேர்ந்து, முந்தின நாளே தொலைபேசியில் மேசை சொல்லிவிட்டு, பன்னிரண்டரைக்குள் போய் உட்காருங்கள். சனி ஞாயிறு பல பூஷோன்கள் மூடியிருக்கும், ஆகஸ்டில் கடைக்காரர்கள் விடுமுறைக்குப் போய்விடுவார்கள். ஞாயிறன்றுதான் ஊரில் இருக்கிறீர்கள் என்றால் சந்துசந்தாக அலைய வேண்டாம். பெராஷ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1836 முதல் நடக்கும் பிராஸ்ஸரி ழோர்ழ் திறந்திருக்கும். தூண் இல்லாத பிரம்மாண்டக் கூடம், நூற்றுக்கணக்கில் இருக்கை. பூஷோனின் நெருக்கமும் கைப்பக்குவமும் அங்கே இல்லை, ஆனால் கொடுத்த காசுக்குக் குறை வைக்காது.